சீசியம் ஏன் சீறுகிறது, அயோடின் ஏன் அடங்கிக் கிடக்கிறது?

சோடியம் உலோகத்தைச் சாதாரணக் கத்தியால் வெட்டலாம். பள்ளி ஆய்வகத்தில் எங்கள் வேதியியல் ஆசிரியர் மண்ணெண்ணெய் பாட்டிலிலிருந்து ஒரு கட்டியை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, வெட்டிக் காட்டினார். வெட்டிய இடம் வெள்ளிபோலப் பளபளத்தது. பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் அது மங்கிவிட்டது. பிறகு கடுகளவு துண்டு ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். அது உருகி, உருண்டையாகி, உஸ்ஸென்று இரைந்துகொண்டு தண்ணீர் மேல் அங்குமிங்கும் ஓடியது. காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீனைத் தண்ணீரில் முன்கூட்டியே சில சொட்டு விட்டிருந்ததால், அது ஓடிய வழியெல்லாம் இளஞ்சிவப்புக் கோடு விழுந்தது. "பொட்டாசியமா இருந்தா இந்நேரம் தீப்பிடிச்சிருக்கும்" என்றார். ஏன் என்று கேட்க எங்களில் யாருக்கும் அன்று தோன்றவில்லை.

அந்த "ஏன்" தெரிந்துவிட்டால் தனிம வரிசை அட்டவணையில் பாதி புரிந்த மாதிரி. பாடப்புத்தகத்தில் இதை அம்புக்குறிகளாகப் போட்டிருப்பார்கள்: தொகுதியில் கீழே செல்லச் செல்ல அணு ஆரம் அதிகரிக்கும், அயனியாக்கும் ஆற்றல் குறையும், எலக்ட்ரான் கவர்தன்மை குறையும். மனப்பாடம் செய்துகொண்டு போனால் தேர்வு அறையில் எந்த அம்பு மேலே, எந்த அம்பு கீழே என்று குழம்பிவிடும். இந்த அம்புகள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். கடைசி எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, நடுவில் எத்தனை எலக்ட்ரான்கள் நின்று மறைக்கின்றன என்பதுதான் அது.

அட்டவணையில் மேலிருந்து கீழாக வரும் நெடுவரிசைதான் தொகுதி. இலங்கைப் பாடநூல்களில் கூட்டம் என்பார்கள். ஒரே தொகுதியில் இருப்பவை குணத்தில் ஒன்றுக்கொன்று உறவு என்பது அட்டவணை பிறப்பதற்கு முன்பே தெரிந்த விஷயம். 1829-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டாபரீனர், ஒத்த குணமுள்ள தனிமங்களை மூன்று மூன்றாக அடுக்கிப் பார்த்தார். லித்தியத்தின் அணு நிறை 7, பொட்டாசியத்தின் அணு நிறை 39. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 23. அது சோடியத்தின் அணு நிறை! குளோரின், புரோமின், அயோடின் மூன்றுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்கு ஒத்து வந்தது. எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது. காரணம் தெரியாமலேயே ஒழுங்கைப் பிடித்துவிட்டார்.

காரணம் இன்று நமக்குத் தெரியும். முதல் தொகுதியில் இருக்கும் கார உலோகங்களின் எலக்ட்ரான்களைக் கூடு கூடாக, அதாவது அணுக்கருவைச் சுற்றி அவை நிற்கும் அடுக்கு அடுக்காக, எழுதிப் பாருங்கள். லித்தியம் 2, 1. சோடியம் 2, 8, 1. பொட்டாசியம் 2, 8, 8, 1. ருபிடியம் 2, 8, 18, 8, 1. சீசியம் 2, 8, 18, 18, 8, 1. எல்லாவற்றிலும் கடைசியில் நிற்பது ஒற்றை எலக்ட்ரான். அதனால்தான் குணம் ஒத்துப்போகிறது. ஆனால் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு கூடு கூடுகிறது. அதனால்தான் குணத்தின் வேகம் மாறுகிறது.

கூடு கூடினால் அணு பெரிதாகும். உலோக ஆரம் லித்தியத்துக்கு 152 பிக்கோமீட்டர் (ஒரு மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோமீட்டர்), சோடியத்துக்கு 186, பொட்டாசியத்துக்கு 227, ருபிடியத்துக்கு 248, சீசியத்துக்கு 265. கடைசி எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றலைத்தான் அயனியாக்கும் ஆற்றல் என்கிறோம். அது இதே வரிசையில் ஒரு மோலுக்கு 520, 496, 419, 403, 376 கிலோ ஜூல் என்று இறங்கிக்கொண்டே போகிறது. தண்ணீரோடு வினை நடக்கும்போது இந்த உலோகங்கள் செய்வது அந்த ஒற்றை எலக்ட்ரானைக் கொடுப்பதுதான். பிடி தளர்ந்தால் கொடுப்பது சுலபம். லித்தியம் மெதுவாகக் குமிழி விடும், சோடியம் ஓடும், பொட்டாசியம் வெளிர் ஊதாச் சுடரோடு எரியும், ருபிடியமும் சீசியமும் தண்ணீரைத் தொட்ட மாத்திரத்தில் வெடிக்கும். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மண்ணெண்ணெயில் போட்டு வைத்தால் போதும். சீசியத்தைக் காற்றே படாமல் கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்து உருக்கி மூடித்தான் வைப்பார்கள்.

என் அக்கா மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தபோது நடுவில் நிறுத்தினாள். "மாமா, சீசியத்துக்கு 55 புரோட்டான் இருக்கே. லித்தியத்துக்கு 3 தானே. அப்ப சீசியம்தானே எலக்ட்ரானை இன்னும் இறுக்கிப் பிடிக்கணும்?"

இந்தப் பாடத்தில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதைக் கேட்காமல் அம்புகளை மட்டும் எழுதிக்கொண்டு போகிறவர்களுக்குப் பாடம் பாதியில் நின்றுவிடுகிறது.

சாமி புறப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் நிற்பவருக்குச் சாமி நேராகத் தெரியும். ஆறாவது வரிசையில் நிற்பவருக்கு முன்னால் நிற்கிறவர்களின் தலைதான் தெரியும். சீசியத்தின் கடைசி எலக்ட்ரான் ஆறாவது வரிசையில் நிற்கிறது. அதற்கும் அணுக்கருவுக்கும் நடுவில் 54 எலக்ட்ரான்கள். அவை அணுக்கருவின் நேர்மின் இழுப்பை மறைக்கின்றன, போதாததற்குத் தாங்களும் எதிர்மின்சுமை உள்ளவை என்பதால் கடைசி எலக்ட்ரானை வெளியே தள்ளவும் செய்கின்றன. இதற்குத் திரைமறைப்பு விளைவு என்று பெயர். தோராயக் கணக்குப் போட்டால், 55 புரோட்டானில் 54-ஐ உள்ளே இருப்பவை மறைத்துவிட்டன, மிச்சம் 1. லித்தியத்தில் 3-இல் 2 போக மிச்சம் 1. சோடியத்தில் 11-இல் 10 போக மிச்சம் 1. எந்தப் படியில் நின்று பார்த்தாலும் கடைசி எலக்ட்ரானுக்குத் தெரிவது கிட்டத்தட்ட அதே ஒரு நேர்மின்சுமைதான். மறைப்பு நிஜத்தில் இவ்வளவு கச்சிதமாக இருக்காது. கடைசி எலக்ட்ரான் அவ்வப்போது உட்கூடுகளுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு வரும், அதனால் மிச்சம் 1-ஐ விடக் கொஞ்சம் கூடவே இருக்கும். ஆனால் தூரம் கூடிக்கொண்டே போவது அதையும் மீறி நிற்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் மின்விசை நான்கில் ஒன்றாகிவிடும் அல்லவா? அதுதான் புரோட்டான் எண்ணிக்கையைத் தோற்கடிக்கிறது.

அவளுக்கு இது போதுமானதாக இருந்தது. எனக்கும் அந்த வயதில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

இதே தளர்ச்சி உருகுநிலையிலும் தெரியும். உலோகக் கட்டிக்குள் அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது எல்லாருக்கும் பொதுவாக உலவும் அந்தக் கடைசி எலக்ட்ரான்கள்தான். அணு பெரிதாகப் பெரிதாக அந்தப் பிணைப்பு வலுவிழக்கிறது. லித்தியம் உருக 180 டிகிரி செல்சியஸ் வேண்டும். சோடியத்துக்கு 98, பொட்டாசியத்துக்கு 63, ருபிடியத்துக்கு 39, சீசியத்துக்கு 28 போதும். சித்திரை வெயிலில் சீசியம் குப்பிக்குள் தங்க நிறத் திரவமாகத்தான் கிடக்கும்.

அடர்த்தி மட்டும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. சோடியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.97 கிராம், அதற்குக் கீழே இருக்கும் பொட்டாசியம் 0.86 தான். கீழே போகும்போது நிறையும் கூடுகிறது, பருமனும் கூடுகிறது. எது அதிகம் கூடுகிறது என்பதைப் பொறுத்து அடர்த்தி ஏறும் அல்லது இறங்கும். பொட்டாசியத்தில் பருமன் முந்திக்கொண்டது. லித்தியம் 0.53 தான், மண்ணெண்ணெயிலேயே மிதந்துவிடும். அதனால் அதை மெழுகில் பொதிந்து வைப்பார்கள்.

லித்தியத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தண்ணீரில் அது சாது என்று பார்த்தோம். ஆனால் கரைசலில் எலக்ட்ரானைக் கொடுக்கும் நாட்டத்தை மின்முனை அழுத்தமாக அளந்தால், முதல் தொகுதியிலேயே லித்தியம்தான் முன்னணியில் நிற்கிறது. முரண்பாடு மாதிரி தெரியும், ஆனால் இல்லை. லித்தியம் அயனி மிகச் சிறியது. தண்ணீர் மூலக்கூறுகளை மிக நெருக்கமாக இழுத்துச் சுற்றிக்கொள்ளும். அப்போது வெளிவரும் ஆற்றல், எலக்ட்ரானைப் பிய்க்க ஆன செலவை ஈடுகட்டிவிடுகிறது. அப்படியானால் தண்ணீரில் ஏன் மெதுவாக வினைபுரிகிறது? அதன் உருகுநிலை அதிகம். வினையின் சூட்டில் அது உருகிப் பரவாது, புதிய பரப்பு வெளிப்படாது. ஒரு வினை எவ்வளவு ஆற்றல் தரும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இந்தப் பாடத்தில் பலரும் செய்யும் தவறு. கையில் இருக்கும் கைபேசியின் மின்கலத்தில் லித்தியம் இருப்பதற்கு அந்த மின்முனை அழுத்தமும் எடைக் குறைவும்தான் காரணம்.

சரி, இப்போது அட்டவணையின் வலதுபக்கம் போவோம். 17-ஆம் தொகுதி. ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின். ஹாலஜன் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் உப்பீனி என்ற தமிழ்ப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். உப்பை ஈனுபவை. உலோகத்தோடு சேர்ந்தால் உப்பு பிறக்கும். பெயரிலேயே வேலை சொல்லப்பட்டுவிட்டது.

இவற்றின் வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான்கள். இன்னும் ஒன்று கிடைத்தால் 8 நிறைந்துவிடும். அதனால் இவை கொடுப்பவை அல்ல, வாங்குபவை. இங்கேயும் கீழே போகப் போக அணு பெரிதாகிறது, மறைப்பு கூடுகிறது, அணுக்கருவின் பிடி தளர்கிறது. காரணம் அதேதான், ஆனால் விளைவு தலைகீழ். கொடுக்க வேண்டியவருக்குப் பிடி தளர்ந்தால் வேலை சுலபம். வாங்க வேண்டியவருக்குப் பிடி தளர்ந்தால் வேலை கஷ்டம். அதனால் முதல் தொகுதியில் மூர்க்கம் அடியில் இருக்கிறது, 17-ஆம் தொகுதியில் உச்சியில் இருக்கிறது. இந்த ஒரு வரி மனதில் நின்றுவிட்டால் எந்த அம்பும் குழப்பாது.

ஃப்ளூரினின் மூர்க்கம் சாதாரணமானது அல்ல. அதைத் தனியாகப் பிரிக்க முயன்ற பல வேதியியலாளர்கள் நச்சுக்கு ஆளானார்கள், சிலர் உயிரையும் விட்டார்கள். 1886-இல் பிரான்சில் ஹென்றி முவாசான்தான் கடைசியில் பிரித்தார். 1906-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொகுதியில் மூன்று படி இறங்கினால் அயோடின். காயத்தில் தடவும் பழுப்பு மருந்தில் இருக்கிறது. அந்த மருந்தில் ஒரு சொட்டை ஆறிய சோற்றுப் பருக்கை மேல் விட்டுப் பாருங்கள், மாவுச்சத்தோடு சேர்ந்து கருநீலமாகும்.

மேலே இருப்பது கீழே இருப்பதைவிட வலிமையானது என்பதை ஒரு சோதனைக்குழாயில் கண்ணால் பார்க்கலாம். நிறமே இல்லாத பொட்டாசியம் அயோடைடு கரைசலில் சில சொட்டு குளோரின் நீரை விடுங்கள். பழுப்பாகிவிடும். குளோரின், அயோடைடிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு அயோடினை வெளியே தள்ளிவிட்டது. துளி மாவுக் கஞ்சி விட்டால் கருநீலம் வந்து சாட்சி சொல்லும். இதைத் திருப்பிச் செய்து பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அயோடினை விட்டால் எதுவும் நடக்காது, அயோடினின் நிறம் அப்படியே இருக்கும். கடல்நீரிலிருந்தும் உப்பளத்தில் மிஞ்சும் கைப்புநீரிலிருந்தும் புரோமின் எடுப்பது இதே வழியில்தான். குளோரினைச் செலுத்தினால் புரோமைடு எலக்ட்ரானை இழந்து புரோமினாக வெளியே வரும்.

உருகுநிலையும் கொதிநிலையும் இங்கே முதல் தொகுதிக்கு நேர் எதிராகப் போகின்றன. ஃப்ளூரின் வெளிர்மஞ்சள் வாயு, கொதிநிலை மைனஸ் 188. குளோரின் பச்சை கலந்த மஞ்சள் வாயு, மைனஸ் 34. புரோமின் செம்பழுப்புத் திரவம், 59. அயோடின் கருமையாக மினுங்கும் படிகம், 184. குடுவையில் இரண்டு படிகத்தைப் போட்டு லேசாகச் சூடுபடுத்தினால் கத்தரிப்பூ நிறத்தில் ஆவி எழும், குளிர்ந்த கண்ணாடியில் மறுபடி ஊசி ஊசியாகப் படியும். வேதியியல் ஆய்வகத்தில் இதைவிட அழகான காட்சி எனக்குத் தெரிந்து குறைவு.

ஏன் இந்த எதிர்த்திசை? சேர்த்துப் பிடித்திருக்கும் விசை வேறு. சோடியத்தில் அது உலோகப் பிணைப்பு, அணு பெருத்தால் தளரும். அயோடினில் மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்திருப்பது வான்டர்வால்ஸ் விசை. மூலக்கூறு பெருத்து எலக்ட்ரான்கள் கூடினால், எலக்ட்ரான் மேகம் எளிதில் ஒரு பக்கம் சாயும், மூலக்கூறுகளுக்கு இடையே ஒட்டுதல் கூடும். ஆகவே "கீழே போனால் உருகுநிலை குறையும்" என்று பொதுவாக ஒரு விதியை எழுதிவைப்பது தவறு. எது பிடித்து வைத்திருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

இங்கேயும் ஒரு விதிவிலக்கு உண்டு, தேர்வில் தவறாமல் வரும். எலக்ட்ரான் நாட்டம், அதாவது ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல், ஃப்ளூரினுக்கு 328 கிலோ ஜூல், குளோரினுக்கு 349. ஃப்ளூரினுக்கு அல்லவா அதிகம் இருக்க வேண்டும்? ஃப்ளூரின் மிகச் சிறிய அணு. அந்தச் சின்ன இடத்தில் ஏற்கனவே 7 எலக்ட்ரான்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. புதிதாக வருவதை அவை தள்ளுகின்றன. அப்படியிருந்தும் வினையில் ஃப்ளூரின்தான் முந்துகிறது. இரண்டு ஃப்ளூரின் அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பு அதே நெருக்கடியால் வலுவற்றது, 158 கிலோ ஜூலில் உடைந்துவிடும். குளோரினுக்கு 242 வேண்டும்.

நடுவில் இருக்கும் 14-ஆம் தொகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உச்சியில் கார்பன் அலோகம், சிலிக்கனும் ஜெர்மானியமும் உலோகப்போலி, அடியில் வெள்ளீயமும் காரீயமும் அசல் உலோகம். பிடி தளரத் தளர எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோக குணம் தலைதூக்குகிறது. 1871-இல், தனிம வரிசை அட்டவணையை வகுத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் இந்தத் தொகுதியில் சிலிக்கனுக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அதற்கு எகா-சிலிக்கன் என்று பெயர் வைத்தார். எகா என்பது நாமும் அறிந்த சமஸ்கிருத ஏகம்தான். சுற்றியுள்ள தனிமங்களைப் பார்த்தே அதன் அணு நிறை 72, அடர்த்தி 5.5 என்று எழுதினார். 1886-இல் விங்க்ளர் ஜெர்மானியத்தைக் கண்டுபிடித்தபோது அணு நிறை 72.6, அடர்த்தி 5.35.

இந்தப் போக்கை நம்பி நடந்த இன்னொரு சம்பவம் மந்த வாயுக்களில். ஹீலியத்தின் அயனியாக்கும் ஆற்றல் 2372, நியான் 2081, ஆர்கான் 1521, கிரிப்டான் 1351, செனான் 1170. மந்த வாயு எதனோடும் சேராது என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருந்த காலம். கனடாவின் வான்கூவரில் இருந்த நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாஃப்ளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குவதைக் கண்டிருந்தார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல் ஏறக்குறைய 1165. செனானுடையதும் கிட்டத்தட்ட அதே அளவு. அப்படியானால் செனானிடமிருந்தும் பிடுங்கலாமே! 1962-இல் செந்நிற ஆவியான அந்தச் சேர்மத்தையும் நிறமற்ற செனானையும் சேர்த்தார். உடனே மஞ்சள் நிறத் திடப்பொருள் படிந்தது. மந்த வாயுவின் முதல் சேர்மம். ஹீலியத்தோடு முயன்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. தொகுதியின் அடிக்குப் போனதால்தான் நடந்தது.

அப்புறம், மறைப்பு சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். 4-ஆம் தொகுதியில் டைட்டானியத்தின் ஆரம் 147 பிக்கோமீட்டர், சிர்கோனியம் 160, அடுத்த ஹாஃப்னியம் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் 159 தான். சிர்கோனியத்துக்கும் ஹாஃப்னியத்துக்கும் நடுவில் லாந்தனைடு தனிமங்கள் வந்துபோகின்றன. அங்கே எஃப் ஆர்பிட்டால்கள் எனும் உட்கூட்டு இடங்களில் நிரம்பும் 14 எலக்ட்ரான்கள் திரைமறைப்பதில் மிகவும் மோசம். அணுக்கருவில் கூடிய புரோட்டான்களின் இழுப்பு அப்படியே வெளியே எட்டுகிறது. ஒரு கூடு கூடியதால் வந்த பெருக்கத்தை அந்த இழுப்பு தின்றுவிடுகிறது. லாந்தனைடு குறுக்கம் என்று படித்திருப்பீர்களே, அதன் பலன் இதுதான்.

அளவு ஒன்று, வெளி எலக்ட்ரான்கள் ஒன்று என்றால் குணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் ஹாஃப்னியம் எப்போதும் சிர்கோனியத் தாதுவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். 1923 வரை அது யார் கண்ணிலும் படவில்லை. கோப்பன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ் கதிர் நிறமாலையைக் கொண்டுதான் கண்டுபிடித்தார்கள். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் சிர்கான் என்ற சிர்கோனியத் தாதுவிலும் அந்த ஹாஃப்னியம் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அணு உலைக்கான சிர்கோனியம் தயாரிக்கும் ஆலை இருக்கிறது. எரிபொருள் உறைக்குச் சிர்கோனியம் ஏற்றது, ஏனென்றால் அது நியூட்ரானை மிகக் குறைவாகவே விழுங்கும். ஹாஃப்னியமோ நியூட்ரானை வாரி விழுங்கும். ஆகவே உலைக்குப் போகும் முன் இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். வேதியியலில் மிகச் சிரமமான பிரிப்புகளில் ஒன்று அது. இரண்டு அணுக்களுக்கும் ஆரத்தில் உள்ள வித்தியாசம் 1 பிக்கோமீட்டர்.